ஒருங்கே எழும் உரிமைகள்: சீட்டாட்ட விதிகளின் வரலாற்றில் ஒரு நோக்கு

தேற்றாத்தீவிலே கோயில் கொண்டருளும் விநாயகர், கொம்புச்சந்திப் பிள்ளையார் என வழங்கப்படுவர். அப்பெயர் மட்டக்களப்பு நாட்டின் பழைய கொம்பு விளையாட்டை நமக்கு நினைவூட்டுகின்றது. கண்ணகி வழிபாட்டோடு இயைந்த அவ்விளையாட்டிலே மக்கள் வடசேரி, தென்சேரி என இரு பகுதியினராய்ப் பிரிந்து, ஒன்றோடொன்று கோத்த இரு கொம்புகளை வடம் பூட்டி இழுப்பர். எக்கொம்பு முறிந்ததோ அச்சேரி தோற்றதாகும். இரு பகுதியாரும் ஒரே வேளையில் இழுப்பதால், முந்தியவர் யார், பிந்தியவர் யார் என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. முறிந்த மரமே தீர்ப்பைச் சொல்லிவிடும்.

சீட்டாட்டத்தில் அவ்வாறு தீர்ப்புச் சொல்லும் பொருள் யாதும் இல்லை. ஒரே கணத்தில் ஆடுவோர் இருவர்க்கும் உரிமை பிறக்குமாயின், எதனை முன்னர் நிறைவேற்றுவது என்பதை விதியே கூறல் வேண்டும். அவ்விதி எவ்வாறு வளர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய ஆட்டங்களை முதற்கண் நோக்குவோம். முகலாய அரசர் பாபர், 1527ஆம் ஆண்டிலே சிந்து நாட்டு ஷா ஹசனுக்குக் கஞ்சீபாச் சீட்டுகளை அனுப்பியதைத் தமது நினைவுக் குறிப்பிற் பதிந்துள்ளார். அச்சீட்டுகள் பாரத நாட்டிலே பல வடிவம் பெற்றன. அவற்றுள் ஒன்றாகிய தசாவதாரக் கஞ்சீபாவிலே, திருமாலின் பத்து அவதாரங்களின் பெயரால் பத்து இனங்களும், இனத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகளும் உள. பகலில் ஆடும்போது இராமர் சீட்டைப் பெற்றவரும், இரவில் ஆடும்போது கிருட்டிணர் சீட்டைப் பெற்றவரும் ஆட்டத்தைத் தொடங்குவர். முதல்வர் யார் என்பதைத் தீர்ப்பதற்கு, ஆடுவோர் எவராலும் மாற்றவொண்ணாத கதிரவனையும் இருளையும் அக்காலத்தார் துணைக்கொண்டமை கருதத்தக்கது.

நம் நாட்டுத் திண்ணைகளிலே தமிழர் விரும்பியாடும் முந்நூற்று நான்கு என்னும் ஆட்டம் வேறொரு வழியைக் காட்டும். அதில் 32 சீட்டுகளே உள. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 என மதிப்பிடுவர். எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பில்லை. ஓரினத்துக்கு 76 ஆக, நான்கு இனத்துக்கும் 304 ஆகின்றது. துரும்பு மறைந்திருக்கும் வேளையில், இறக்கிய இனம் கையில் இல்லாதவர் தம் சீட்டைக் கவிழ்த்து வைப்பர். அவ்வாறு இருவர் கவிழ்த்தவையும் துரும்பாய் அமைந்து ஒருங்கே வெளிப்படின், முன் வைத்தவர் யார் என்று எவரும் வினவார். உயர்ந்த துரும்பே வெல்லும். பழைய ஆட்டங்களிலே உடனிகழ்ச்சியைச் சீட்டின் தரமே தீர்த்து வந்தது என்பது இதனால் விளங்கும்.

1993ஆம் ஆண்டிலே இந்நிலை மாறிற்று. கணித அறிஞராகிய ரிச்சர்ட் கார்பீல்ட் என்பார் வகுத்த 'மேஜிக்: த கேதரிங்' என்னும் ஆட்டத்தை, அமெரிக்க நாட்டு விசாட்ஸ் ஒவ் த கோஸ்ட் நிறுவனம் அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் வெளியிட்டது. இதிலே ஆடுவோர் தத்தம் சீட்டுகளை விலைக்கு வாங்கியும் பிறரோடு மாற்றியும் தமக்கென ஒரு கட்டினை அமைத்துக்கொள்வர். ஒவ்வொருவரும் 20 உயிர்ப்புள்ளியோடு தொடங்குவர். அது அற்றவர் தோற்றவர். முந்நூற்று நான்கிலே விதி ஆட்டத்துக்கு உரியது. இங்கோ ஒவ்வொரு சீட்டும் தன்மேல் தனக்கென ஒரு விதியைத் தாங்கி நிற்கின்றது. "இன்னது நிகழும்போது இன்னது ஆகுக" எனப் பல சீட்டுகள் கூறும். ஆகவே, ஒரு நிகழ்ச்சி பல சீட்டுகளை ஒருங்கே எழுப்பிவிடுதல் கூடும். அவற்றிடையே உயர்வு தாழ்வு காட்டும் எண்ணும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். முருகன், கண்ணன் என்னும் இருவர் ஆடுகின்றனர். இருவர்க்கும் எஞ்சியிருப்பது ஒவ்வோர் உயிர்ப்புள்ளியே. "களத்தில் ஓர் உயிர் மடியுந்தோறும் எதிரி ஒரு புள்ளி இழப்பானாக" என்னும் சீட்டு இருவரிடமும் உண்டு. முருகனின் முறை நடக்கும்போது களத்தில் ஓர் உயிர் மடிகின்றது. இரு சீட்டுகளும் அக்கணமே எழுகின்றன. வெற்றி யாருக்கு? எச்சீட்டு முன்னர் நிறைவேறுகின்றதோ அதனை உடையவருக்கே. இங்கே வரிசை ஒன்றே ஆட்டத்தின் முடிவாகிவிடுகின்றது.

தொடக்க ஆண்டுகளின் விதிகள் சிக்கல் மிக்கவை. சில சீட்டுகள் ஏனையவற்றை இடைமறிக்கும் தனி விரைவு உடையனவாக வகுக்கப்பட்டிருந்தன. உயிர்ப்புள்ளி அற்றவரும் அக்கட்டம் முடியும் வரை தோற்றவராகக் கருதப்படவில்லை. 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஆறாம் பதிப்பு இவற்றை நீக்கி, அடுக்கு என்னும் முறையை நிலைநாட்டிற்று. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால் இறுதியில் வைத்ததையே முதலில் எடுக்கின்றோம் அன்றோ? அவ்வாறே அடுக்கில் இறுதியாக ஏறியது முதலில் நிறைவேறும். ஒருங்கே எழுந்தவற்றுள், முறைக்குரியவர் தம்முடையவற்றை முதலில் அடுக்குவார். பின்னர் எதிரி தம்முடையவற்றை அவற்றின்மேல் அடுக்குவார். ஒருவருடையனவே பல எழுந்தால், தமக்குள் அவற்றின் வரிசையை அவரே வகுத்துக்கொள்ளலாம்.

இவ்விதிப்படி முருகனின் சீட்டு கீழும் கண்ணனின் சீட்டு மேலும் அமையும். மேலது முன்னர் நிறைவேற, முருகன் தோற்றான். தன் முறையில் ஆடுபவனுக்கு ஏலவே பல வசதிகள் உள. அவனே முன்வைத்தாலும், எதிரியின் சீட்டே முன்னர் பயன் தருமாறு விதி அமைந்திருத்தல் நோக்கற்பாலது.

எனினும், எல்லா உடனிகழ்ச்சியையும் இவ்விதி வரிசைப்படுத்துவதில்லை. ஒரே சீட்டு இருவர்க்கும் ஒருங்கே ஒரு புள்ளியைக் குறைத்திருப்பின், இருவரும் ஒரே கணத்தில் வீழ்வர். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும். வரிசை தேவைப்படும் இடத்தையும் தேவைப்படாத இடத்தையும் பிரித்தறிந்தமையே இவ்விதியின் நுட்பமாகும்.

1999இல் யப்பான் நாட்டிலே கொனாமி நிறுவனம் வெளியிட்ட யூகியோ ஆட்டம் பிறிதொரு பாகுபாட்டைச் செய்தது. கட்டாயமாக நிகழ வேண்டியவை முன்னும், விரும்பினால் நிகழ்த்தத்தக்கவை பின்னுமாக அங்கே தொடுக்கப்படும். இவ்விரு வகையுள்ளும் முறைக்குரியவருடையதே முந்தும். நிறைவேற்றம் அங்கும் இறுதியிலிருந்தே தொடங்கும்.

இவ்வினா சீட்டாடுவோர்க்கு மட்டும் உரியதன்று. தந்தையும் மகனும் ஒரே விபத்தில் மடிந்தால் சொத்து எவர் வழிச் செல்லும் என உரோமச் சட்ட அறிஞர் பண்டே ஆராய்ந்தனர். பருவமெய்திய மகன் தந்தைக்குப் பின் இறந்தான் என்றும், பருவமெய்தாத பிள்ளை முன் இறந்தது என்றும் கொண்டனர். இங்கிலாந்தின் 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டமோ, முந்தியவர் இன்னார் எனத் துணிய இயலாதவிடத்து மூத்தவர் முன்னும் இளையவர் பின்னும் இறந்ததாகக் கொள்க என விதித்தது. இவை உண்மையில் நிகழ்ந்த வரிசையைக் கண்டறிந்து கூறியவை அல்ல. வழக்கு முடிவின்றி நீளாதிருத்தற்பொருட்டு முன்கூட்டியே வகுத்துக்கொண்டவை.

மட்டக்களப்புக் கோயில்களிலே குடிவழி வரிசை கூறிச் சிறப்புச் செய்யும் வழக்கினை நாம் அறிவோம். எல்லாக் குடியினரும் ஒரே முன்றிலில் நிற்கின்றனர். எனினும் ஒருவர் பெயரைக் கூறிய பின்னரே மற்றவர் பெயரைக் கூறல் இயலும். அவ்வரிசை தெளிவாயிருக்கும் வரை விழா இனிது நடைபெறும். அது ஐயத்துக்கு இடமாகும்போதே பிணக்குத் தோன்றும். பிணக்கெழுந்த பின் வகுக்கும் வரிசை எதுவாயினும், பின்தள்ளப்பட்டவர் கண்ணுக்கு அது ஓரவஞ்சனையாகவே தோன்றும். முருகனும் தன் தோல்வியை ஏற்றுக்கொள்கின்றான். ஏனெனில் அவ்விதி அவன் சீட்டைக் கையில் எடுக்குமுன்னரே எழுதப்பட்டது. நாளை கண்ணனின் முறை வரும்போது அதே விதி அவனுக்குத் துணைநிற்கும். பந்தயத் திடலிலும் சங்கத் தேர்தலிலும் விதி வகுக்கப் புகும் மாணவர், இருவர் சமமாய் வரின் என் செய்வது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைப்பாராக.