தமிழ்த் திரையில் கோதாவும் குத்துச்சண்டை மேடையும்: உருவாக்க வரலாறு

தமிழ்த் திரைப்படத்தில் மல்யுத்தமும் குத்துச்சண்டையும் இடம்பெற்ற வரலாறு, பெரும்பாலும் அவற்றுக்குப் பொருத்தமான உடல்களைத் தேடிய வரலாறாகும். தொடக்கத்தில் பயில்வான்கள் நடிக்க அழைக்கப்பட்டனர். பின்னர் நடிகர்கள் பயில்வான்களாக மாற்றப்பட்டனர். அண்மைக் காலத்தில் களத்தில் போட்டியிட்ட விளையாட்டு வீரர்களே முதன்மைப் பாத்திரம் ஏற்றனர். கதை, வசனம், இசை ஆகியவற்றைக் காட்டிலும் இந்த மாற்றமே இவ்வகைப் படங்களின் தரத்தைத் தீர்மானித்தது.

மண்ணைக் குழைத்துப் பதப்படுத்திய மல்யுத்தக் களம் கோதா எனப்படும். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுழற்றுதல் ஆகிய பயிற்சிகளால் உடலை வளர்த்தவர்கள் தேகப்பயிற்சி சாலைகளிலிருந்து வந்தனர். ஜெர்மானிய உடற்கட்டு வல்லுநர் யூஜின் சாண்டோ 1904–05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த பின் அவரது பெயரே ஒரு பட்டமாகப் பரவியது. கோவை இராமநாதபுரத்தைச் சேர்ந்த எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் அப்பட்டத்துடன் அறியப்பட்டவர். ஜூபிடர் நிறுவனம் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்து, ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கிய ‘ராஜகுமாரி’ (1947) படத்தில், அப்போதுதான் கதாநாயகன் நிலையை எட்டியிருந்த எம்.ஜி.ஆருடன் மோதும் பயில்வானாகத் தேவர் தோன்றினார். இருவருக்கும் உடற்பயிற்சியில் உண்மையான ஈடுபாடு இருந்ததால், பிடியும் தூக்கலும் வீழ்ச்சியும் பாவனையாக மட்டும் தோன்றவில்லை. சண்டைக் காட்சியில் தொடங்கிய அந்த நட்பு, 1956இல் ‘தாய்க்குப் பின் தாரம்’ படத்துடன் தேவர் பிலிம்ஸ் உருவானதற்கும், 1972இல் வெளிவந்த ‘நல்ல நேரம்’ வரை இருவரும் 16 படங்களில் இணைந்ததற்கும் அடித்தளமாயிற்று. ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் வேர் கோதா மண்ணில் இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதே காலத்தில் தொழில்முறை மல்யுத்தம், அதாவது முடிவும் திருப்பங்களும் பெரும்பாலும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளப்பட்டுக் கூட்டத்தை மகிழ்விப்பதற்காக நடத்தப்படும் போட்டி, இந்திய நகரங்களில் பெரும் ஈர்ப்பைப் பெற்றிருந்தது. பஞ்சாபின் தாரா சிங்கும், கிங்காங் என்ற பெயரில் மோதிய ஹங்கேரியரான எமில் சாயாவும் அதன் நட்சத்திரங்களாக விளங்கினர்; தாரா சிங் 1962இல் ‘கிங் காங்’ என்ற இந்திப் படத்தின் நாயகனானார். நாடகமும் விளையாட்டும் கலந்த இத்துறைக்கும் ஸ்டூடியோச் சண்டைக்கும் அடிப்படையில் ஒற்றுமை உண்டு: இரண்டிலும் அடிப்பவரை விட, அடி வாங்கி நம்பும்படி விழுபவரின் திறமையே பெரிது. எம்.ஜி.ஆருக்குச் சொந்தமான அடையாறு சத்யா ஸ்டூடியோவிலும் வடபழனி, கோடம்பாக்கம் அரங்குகளிலும் பணிபுரிந்த ஸ்டண்ட் கலைஞர்களின் தொழில் இதுவே. அவர்களின் பெயர்கள் பெரும்பாலும் திரையில் இடம்பெறாமற் போனது தமிழ்த் திரையுலகின் நெடுங்காலக் குறை.

குத்துச்சண்டை வேறு வழியில் வந்தது. ஆங்கிலேயர் மூலம் அறிமுகமாகி வடசென்னைத் தொழிலாளர் குடியிருப்புகளில் வேரூன்றிய இவ்விளையாட்டில், ஒரு வாத்தியாரிடம் பயின்று தலைமுறைகளாகத் தொடரும் குழு பரம்பரை எனப்பட்டது. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதினார், அப்போது எம்.ஜி.ஆர். முதலமைச்சர். எனினும் இந்த மரபைத் தமிழ்த் திரை மிகத் தாமதமாகவே கையிலெடுத்தது. என். கல்யாணகிருஷ்ணன் இயக்கிய ‘பூலோகம்’ (2015) பரம்பரைப் பகையையும், அதை வணிகமாக்கும் தொலைக்காட்சியையும் கதையாக்கியது. ஜெயம் ரவியை எதிர்க்கும் வெளிநாட்டு வீரராக நடித்த ஆஸ்திரேலியர் நாதன் ஜோன்ஸ், அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த மேடையில் பணியாற்றியவர் என்பதால், குத்துச்சண்டைப் படமொன்றுக்குள் மல்யுத்தக் கலைஞர் நுழைந்தார். அவரது உருவம் கதையின் நம்பகத்தன்மைக்கு உதவியதா என்பது ஐயமே, அச்சுறுத்தலுக்கு உதவியது.

சுதா கொங்கரா இயக்கிய ‘இறுதிச்சுற்று’ (2016) எதிர்த்திசையில் சென்றது. மதி என்ற மீனவப் பெண் பாத்திரத்துக்கு நடிகை ஒருவரைப் பயிற்றுவிப்பதற்கு மாறாக, கிக்பாக்சிங்கிலும் கலப்புச் சண்டையிலும் போட்டியிட்ட மும்பைப் பெண் ரித்திகா சிங் தேர்ந்தெடுக்கப்பட்டார். தமிழ் தெரியாத அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். படம் இந்தியிலும் ஒரே நேரத்தில் உருவானதால் காட்சிகள் இருமுறை எடுக்கப்பட வேண்டியிருந்தது. 63ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அவர் சிறப்புக் குறிப்பைப் பெற்றார். மொழியைக் கற்பிக்கலாம், காலடியைக் கற்பிப்பது கடினம் என்ற கணிப்பு சரியானது.

பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021) மீண்டும் நடிகர்களைப் பயிற்றுவிக்கும் முறையைக் கையாண்டது. 1970களின் வடசென்னையும் நெருக்கடிநிலையும் பின்புலமாக அமைந்த இப்படத்துக்காக ஆர்யா உள்ளிட்ட நடிகர்கள் முன்பயிற்சி பெற்றனர். 2020 ஊரடங்கால் தடைப்பட்ட பணி பின்னர் தொடர்ந்தது. நாயகன் கபிலன் கட்டுடலுடன் எழுந்து, குடியால் தொந்தி விழுந்து, மீண்டும் தேறுவதாகக் கதை அமைந்ததால், நடிகரின் உடலும் கதையோடு சேர்ந்து மாற வேண்டியிருந்தது. இதே சிக்கலை ‘தங்கல்’ (2016) இந்திப் படத்தில் ஆமிர் கான், பருத்த முதியவராக வரும் பகுதிகளை முதலில் முடித்து, எடை குறைத்த பின் இளமைப் பகுதியில் நடித்துத் தீர்த்தார். அன்பறிவ் எனப்படும் இரட்டைச் சகோதரர்களான சண்டைப் பயிற்சியாளர்கள் ‘சார்பட்டா’வின் ஒவ்வொரு வீரருக்கும் தனி நடை வகுத்தனர், ஷபீர் கல்லரக்கல் ஏற்ற டான்சிங் ரோஸின் ஆடும் கால்கள் பிரித்தானியக் குத்துச்சண்டை வீரர் நசீம் ஹமீதை நினைவூட்டின. சிறிய பாத்திரமான அது படத்தின் முதன்மை வில்லனைவிட அதிகம் பேசப்பட்டது. 2021 ஜூலை 22 அன்று படம் அமேசான் பிரைமில் நேரடியாக வெளியானதால், அரங்கக் கூட்டத்தின் ஆரவாரம் அதற்கு வாய்க்கவில்லை.

களத்தில் இறங்கியவரையே நடிக்கவைப்பது தமிழுக்கு வெளியேயும் நிகழ்ந்தது: தொழில்முறை மல்யுத்தத்தின் திரைமறைவு வாழ்வை நேரடியாகச் சித்திரித்தது டேரன் அரோனாப்ஸ்கியின் அமெரிக்கப் படமான ‘த ரெஸ்லர்’ (2008). நாயகன் மிக்கி ரூர்க், 1990களில் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கியிருந்தவர். சமோவ மல்யுத்தக் குடும்பத்தைச் சேர்ந்த அஃபா அனோவாயி அவருக்குப் பயிற்சி அளித்தார். உண்மையான போட்டி நிகழ்ச்சிகளின் இடைவேளைகளில், உண்மையான பார்வையாளர் முன்னிலையில் காட்சிகள் படமாக்கப்பட்டன. வெனிஸ் விழாவில் அப்படம் தங்கச் சிங்கம் விருது பெற்றது.

தமிழில் மல்யுத்தம் முழுநீளக் கதையாகத் திரும்பியது, செல்லா அய்யாவு இயக்கி 2022 டிசம்பர் 2 அன்று வெளிவந்த ‘கட்டா குஸ்தி’யில். தேவர் காலத்துப் படங்களில் ஆண்களின் களமாக மட்டும் இருந்த குஸ்தி இதில் இடம் மாறியது: விஷ்ணு விஷால் நாயகனாக இருந்தும், குஸ்தி வீராங்கனையாக வருபவர் அவர் மனைவி பாத்திரத்தை ஏற்ற ஐஸ்வர்யா லட்சுமி.