குறிப்பேடும் பேரேடும்



சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் முன்பு கிட்டங்கிகள் இருந்தன. 1820களிலிருந்து அங்கு வந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடைக்கூடங்களே அவை. ஒரே கூடத்தில் பல கடைகள் இருக்கும். ஒரு கடைக்கு ஒரு மரப்பெட்டியும் கணக்குப் புத்தகங்களும் போதும். முதலாளியின் இடத்திலிருந்து கடையை நடத்துபவர் மேலாள். அவருக்கு அடுத்தவர் அடுத்தாள். தொழில் பழக வந்த சிறுவன் பெட்டியடிப் பையன். நல்ல பெயர்கள்தாம்!

அன்றன்றைய வரவு செலவை முதலில் குறிப்பேட்டில் எழுதுவார்கள். பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். எதற்கு இரட்டை வேலை? எதிரே ஆட்கள் காத்திருக்கும்போது, தடித்த பேரேட்டைப் புரட்டி ஒவ்வொருவர் பக்கமாகத் தேட நேரம் ஏது? ஆனால் பின்னாளில் வழக்கு வந்தால் முதலில் பேரேட்டைத்தான் புரட்டுவார்கள்.

நம் தோட்டங்களிலும் இதுதானே நடந்தது? கிராணி பால் நிறுக்கும் இடத்தில் கைப்புத்தகத்தில் குறிப்பார். ஆபீசுக்குப் போய்ச் செக்ரோலில் ஏற்றுவார். இடையில் கைப்புத்தகம் மழையில் நனைந்தால் ஓர் ஆளின் நாள் சம்பளமே போயிற்று.

இன்று நம் பிள்ளைகள் பழகும் கணினியும் இப்படியே எழுதுகிறது. தட்டச்சு செய்ததை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அது குறிப்பேடு, மின்சாரம் நின்றால் அழிந்துவிடும். வட்டுதான் பேரேடு. வட்டு மெதுவானது, ஆகவே கணினி பல குறிப்புகளைச் சேர்த்துவைத்து, மொத்தமாக ஏற்றும். 1970களில் யூனிக்ஸ் கணினிகளில் 30 வினாடிக்கு ஒருமுறை இப்படி ஏற்றும் வழக்கம் இருந்தது.

அப்போது குறிப்பேடும் பேரேடும் ஒரே கடைக்குள் இருந்தன. கணினியின் மையமான கருநிரலே இரண்டையும் பார்த்துக்கொண்டது. 2005இல் லினக்ஸ் கருநிரலில் ஃபியூஸ் என்ற ஏற்பாடு சேர்ந்தது. பேரேடு எழுதும் வேலையை வெளியே இருக்கும் ஒரு சாதாரண நிரலிடம் ஒப்படைக்க அது வழி செய்தது. கணக்குப்பிள்ளை பக்கத்து வீட்டில் உட்கார்ந்து எழுதுவது போல என்று வைத்துக்கொள்வோம். விண்டோசுக்காகத் தயாரித்த வட்டை லினக்சில் எழுத உதவும் என்டிஎஃப்எஸ்-3ஜி இந்த வகையைச் சேர்ந்தது.

முதலில் ஒவ்வொரு குறிப்பையும் உடனுக்குடன் அவரிடம் அனுப்பினார்கள். அலைச்சல் மிகுந்தது. 2014இல், விரும்பினால் குறிப்புகளைக் கருநிரலிலேயே சேர்த்துவைத்துக் கட்டாக அனுப்பலாம் என்று மாற்றினார்கள். வேகம் கூடியது, ஆபத்தும் கூடியது. கட்டு போய்ச் சேருமுன் கணக்குப்பிள்ளை நிரல் செத்துவிட்டால், எழுதியது எங்கே?

நாம் கோப்பை மூடும்போது கருநிரல் கட்டை அவர் கையில் சேர்த்துவிடும். அவர் வாங்கிக்கொண்டார் என்பது மட்டுமே அப்போது உறுதி. பேரேட்டில் ஏற்றினாரா என்பது வேறு கேள்வி. அதற்குத் தனிக்கட்டளை உண்டு. அதன் பெயர் எஃப்சிங்க். வட்டில் பதிந்த பிறகே அதற்குப் பதில் வரவேண்டும் என்பது விதி. கணக்குப்பிள்ளை நிரலை எழுதியவர் அந்த விதியை மதிக்காமல் சும்மா ‘ஆயிற்று’ என்று சொல்லவைத்திருந்தால், மேலே இருப்பவருக்கு அது தெரியாது.

மகள் திருமணப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றியதும் சட்டென்று பிடுங்குகிறோமே, அப்போது கட்டு இன்னும் வழியில் இருக்கலாம். கணினியில் ‘பாதுகாப்பாக நீக்கு’ என்பதை அழுத்தினால், கட்டு ஏறி முடியும்வரை கணினி நம்மைக் காக்கவைக்கும்.