ஜேம்ஸ் மன்னரும் டைடோவும்

1688-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடினார். 1714-இல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து முதலாம் ஜார்ஜ் வந்து அரியணை ஏறினார். இதுதான் நடந்த கதை.

எழுத்தாளர் ஜோன் எய்க்கன் இதைத் தலைகீழாக்கினார். 1962-இல் வெளிவந்த அவருடைய நாவலில் 1832-ஆம் ஆண்டின் இங்கிலாந்தை ஆள்பவர் மூன்றாம் ஜேம்ஸ்; அதைத் தொடர்ந்த நாவல் வரிசையில் சதி செய்வதெல்லாம் ஹனோவர் கட்சிக்காரர்கள். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கடலடிச் சுரங்கம் அப்போதே தயார். அதன் வழியாக ஓநாய்கள் கூட்டங்கூட்டமாக ஊருக்குள் புகுகின்றன! அசல் சுரங்கம் திறந்தது 1994-இல்.

வரிசையின் உண்மையான நாயகி 1964-இல்தான் வருகிறாள். டைடோ ட்வைட், லண்டன் சேரிப் பேச்சு பேசும் வாயாடிச் சிறுமி. பெற்றோரே சதிகாரர்கள். 1966-இல் வந்த நாவலில், அமெரிக்காவின் நான்டக்கெட் தீவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி லண்டன் அரண்மனையைச் சுட ஒரு ராட்சத பீரங்கி தயாராகிறது. டைடோ சும்மா இருப்பாளா? பீரங்கியைக் கடலுக்குள் இழுத்துப் போவது இளஞ்சிவப்புத் திமிங்கலம். நம்பத்தான் முடியவில்லை, ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்கவும் முடியாது.

எய்க்கன் 2004-இல் காலமானார். வரிசையின் கடைசி நாவல் மறு ஆண்டு வெளிவந்தது.