ஜீப் விளக்கு ஏன் மங்குகிறது?

கரடுமுரடான பாதையில் ஜீப் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு இரவில் ஏறும் வண்டியின் முகப்பு விளக்கு மங்கினால், ஓட்டுநருக்கு அடுத்த வளைவு தெரியாது. விளக்கு மங்குவது ஏன்? விடை ஜீப்பின் வரலாற்றில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் படைக்காக ஜீப்புகளைச் செய்தது. அவற்றின் பாட்டரி 6 வோல்ட். விளக்குக்குச் செல்ல ஒரு கம்பி. மின்னோட்டம் திரும்பும் வழி வண்டியின் இரும்புச் சட்டமே. இதனால் கம்பி மிச்சம். ஆனால், விளக்கு சட்டத்தோடு சேரும் இடத்தில் துரு பிடித்தால் அங்கே மின்தடை உண்டாகிவிடும்.

சிறு கணக்கொன்று போடுவோம். 60 வாட் விளக்குகளுக்கு 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் தேவை. துருவின் மின்தடை 0.1 ஓம் எனில், ஓம் விதிப்படி ஏறத்தாழ 1 வோல்ட் அங்கேயே வீணாகும். அது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு! 12 வோல்ட்டில் 5 ஆம்பியரே போதும். இழப்பு அரை வோல்ட், அதாவது 24-இல் ஒரு பங்கு. மின்னழுத்தத்தை இரட்டித்தால் இழப்பின் பங்கு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. 1950களில் அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். 1950-இல் வந்த எம்-38 படை ஜீப்போ 24 வோல்ட்டையும், நீர் புகாத இணைப்புகளையும் பெற்றது.

நம் நாட்டில் 1945-இல் தோன்றிய மகிந்திரா நிறுவனம், 1940களின் பிற்பகுதியில் பம்பாயில் ஜீப்புகளை இணைத்து உருவாக்கத் தொடங்கியது. 1961-இல் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவப்பட்டு, சென்னை பாடியில் வாகன மின்கருவிகள் உற்பத்தியாகலாயின.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதை உப்பிட்டு வைக்கிறார்கள். அத்தோலை ஏற்றும் வண்டியில் கசியும் உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். இரும்பை விரைவில் அரிக்கும். செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு படியச் செய்யும்.

பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. விளக்கை எரியவிட்டு, வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையை விளக்கின் உலோக உடலிலும் வையுங்கள். அளவு ஏறக்குறைய சுழியாக இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அந்த வழியில் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. அதைக் கழற்றி, பளபளக்கும்வரை சுரண்டி, இறுக்கிப் பூட்டிக் கிரீஸ் தடவுங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போனால் தடித்த கம்பியைச் செருகாதீர்கள். தோலுரிந்த கம்பி சட்டத்தை எங்கே தொடுகிறதென்று தேடுங்கள். ஃபியூஸ் உருகுவது, வண்டி எரியாமலிருக்கத்தான்.