நோன்புக் கஞ்சியின் பூர்வீகம்

இறைச்சியையும் கோதுமையையும் குழைய வேகவைக்கும் 'ஹரீஸா' பத்தாம் நூற்றாண்டு பக்தாதிலேயே பெயர்பெற்றிருந்தது. இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் அதற்கு இடமுண்டு. நம் நோன்புக் கஞ்சி அதன் வழித்தோன்றலே என்பார் உளர். தணிந்த தீயில் நெடுநேரம் கிண்டிக் குழைக்கும் முறை இரண்டிற்கும் பொதுதான். ஆயினும் கோதுமையின் இடத்தில் இங்கே பச்சரிசி. உடன் பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால். பெயரோ தூய தமிழ். வழித்தோன்றல் என்பதினும் தூரத்து உறவு என்பதே பொருந்தும்.

உத்தமபாளையம், கம்பம் பகுதி ராவுத்தர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1895இல் பெரியாறு அணை நிறைவுற்றபின் நெல் செழித்த பள்ளத்தாக்கு அது. இன்று அங்கு இருபோக நிலமே 14,707 ஏக்கர். மலைக்காற்று வீசும் மார்கழி அந்தியில், நோன்பு திறந்ததும் கையில் ஏந்தும் கஞ்சியின் சூடு தனிச்சுவை. (கோடை நோன்பில் அதே சூட்டை ஊதி ஊதி ஆற்றுகிறோம் என்பது வேறு.) ரமழான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முந்துவதால், அவ்வாய்ப்பு 33 ஆண்டுகளுக்கொரு முறையே சில ஆண்டுகள் தொடர்ந்து வாய்க்கும். 1998, 1999 டிசம்பர்களில் நோன்பு தொடங்கியது. இனி 2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை தொடங்கும்.