விண்டோஸ் அப்டேட் வருவதில்லையா? வீட்டுக் கணினியில் வரிசையாகச் சரிபார்க்க வேண்டியவை

பிள்ளைகளின் படிப்பு, வங்கிக் கணக்கு, வெளிநாட்டில் இருப்பவர்களுடன் பேச்சு, குடும்பப் புகைப்படங்கள் என இன்று வீட்டின் முக்கியமான பல விஷயங்கள் ஒரே கணினியில் இருக்கின்றன. அந்தக் கணினியின் விண்டோஸ் இயங்குதளத்துக்கு வரவேண்டிய அப்டேட்கள் மாதக்கணக்கில் வராமல் இருந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. கணினி வழக்கம்போலவே வேலை செய்கிறது. திரையில் பச்சை நிற 'டிக்' அடையாளமும் இருக்கிறது. ஆனால் அந்த அடையாளத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது.

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள்கூட தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே, அதாவது இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. மருந்து வந்தும் போடப்படாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன.

முதலில்: உண்மையில் அப்டேட் வருகிறதா?

விண்டோஸ் 11 எனில் செட்டிங்ஸ் திறந்து, விண்டோஸ் அப்டேட் பகுதியில் 'அப்டேட் ஹிஸ்டரி'யைப் பாருங்கள். விண்டோஸ் 10 எனில் செட்டிங்ஸ், 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி', 'வியூ அப்டேட் ஹிஸ்டரி' என்று செல்ல வேண்டும்.

அங்கே பட்டியல் பிரித்துக் காட்டப்படும். 'டெஃபினிஷன் அப்டேட்ஸ்' என்பதன் கீழ் நேற்றைய தேதி இருப்பதைப் பார்த்து, எல்லாம் சரியாக வருகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வைரஸ் தடுப்புக்கான அடையாளப் பட்டியல் மட்டுமே; அடிக்கடி வரும். இயங்குதளத்தின் ஓட்டைகளை அடைப்பது 'குவாலிட்டி அப்டேட்ஸ்' என்பதன் கீழ் வருவதுதான். அதில் கடைசியாக உள்ள தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்டை வெளியிடுகிறது. இந்திய நேரப்படி அது அன்றைய இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி. எனவே மறுநாள் புதன்கிழமை முதல் நம் கணினிக்கு வரத் தொடங்கும். கடைசித் தேதி இரண்டு மாதங்களுக்கு மேல் பழையது என்றால் எங்கோ தடை இருக்கிறது.

'ஃபீச்சர் அப்டேட்' எனப்படும் புதிய பதிப்பு வராதது வேறு விஷயம். அதைப் படிப்படியாகத்தான் வழங்குகிறார்கள். குறிப்பிட்ட கணினி வகையில் கோளாறு தெரிந்தால் நிறுத்தியும் வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்கு வந்து நமக்கு வரவில்லை என்பதால் பதற வேண்டியதில்லை.

காலம் முடிந்த விண்டோஸா?

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 8.1க்கான ஆதரவு 2023 ஜனவரி 10 அன்றும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. இந்தக் கணினிகளில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வழக்கமான அப்டேட் வராது. இது கோளாறு அல்ல.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் அறிவித்தது. அறிவித்தபடி அது 2026 அக்டோபர் 13 வரை. கணினி 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் தோன்றும் 'என்ரோல்' வழியாகப் பதிய வேண்டும். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. இல்லையெனில் 30 டாலர்.

விண்டோஸ் 11க்கு மாற 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு, ஏற்கப்பட்ட செயலி ஆகியவை வேண்டும். மைக்ரோசாப்ட் தரும் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டினால் நம் கணினி தகுதியானதா என்று சொல்லிவிடும். சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைக்கப்பட்டிருக்கும். 'முடியாது' என்று வந்தால் அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விண்டோஸ் 11 இருந்தாலும் அதன் பழைய பதிப்பாக இருக்கக்கூடும். ஹோம், புரோ வகைகளில் ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாதங்கள்தான் ஆயுள். உதாரணமாக 23எச்2 பதிப்பின் காலம் 2025 நவம்பர் 11 அன்று முடிந்தது. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பகுதியில் உங்கள் பதிப்பு எது என்று தெரியும்.

நாமே போட்டிருக்கும் தடைகள்

பெரும்பாலான வீடுகளில் காரணம் இவற்றுள் ஒன்றாகவே இருக்கும். மேலிருந்து கீழாகப் பாருங்கள்.

1. நிறுத்தி வைத்தது: விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'ரெஸ்யூம் அப்டேட்ஸ்' என்ற பொத்தான் இருந்தால் யாரோ 'பாஸ்' செய்திருக்கிறார்கள் என்று பொருள். அதை அழுத்துங்கள்.

2. செல்போன் ஹாட்ஸ்பாட்: போன் டேட்டாவில் கணினியை இணைப்பவர்கள் செலவைக் குறைக்க 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று வைத்திருப்பார்கள். அப்போது பல அப்டேட்கள் தானாக இறங்குவதில்லை. மாதம் ஒருமுறை அளவில்லா வைஃபை கிடைக்கும் இடத்தில் இணைத்து இறக்கலாம். அல்லது 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் மீட்டர்டு இணைப்பிலும் இறக்க அனுமதி தரலாம்.

3. ரீஸ்டார்ட் செய்யாதது: மடிக்கணினியை மூடி வைத்தால் அது உறங்குகிறது, அவ்வளவுதான். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் கணினிகளில் 'ஷட் டவுன்' கூட முழுமையானதல்ல. இறங்கிய அப்டேட் நிறைவடைய 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும்.

4. இடமின்மை: சி டிரைவில் 20 ஜிபி வரை காலியாக இருப்பது நல்லது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், 'டெம்பரரி ஃபைல்ஸ்' வழியாகத் தேவையற்றதை நீக்கலாம். கவனம்: அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையும் இருக்கும். அதில் டிக் செய்தால் நீங்கள் இறக்கி வைத்த சான்றிதழ்களும் படங்களும் போய்விடும்.

5. தவறான தேதி: பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்டின் சிறிய வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அப்போது மைக்ரோசாப்ட் சர்வருடன் பாதுகாப்பான இணைப்பு ஏற்படாது. பேட்டரியை மாற்றி, தேதி தானாக அமையும்படி வையுங்கள்.

பிறர் போட்டிருக்கும் தடைகள்

பழைய மடிக்கணினி வாங்கியவர்களும், கடையில் விண்டோஸ் போட்டுக்கொண்டவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அப்டேட் பக்கத்தின் மேலே, சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற ஆங்கில வாசகம் தெரிகிறதா? செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்' பகுதியில் முந்தைய உரிமையாளரின் அலுவலகக் கணக்கு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதைத் துண்டிக்கவும். நீங்கள் பணிபுரியும் நிறுவனம் தந்த கணினி என்றால் கை வைக்காமல் அவர்களின் கணினிப் பிரிவைக் கேளுங்கள்.

உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டுத் தருபவர்கள், அது காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று அப்டேட் சேவையையே அணைத்து விடுவதுண்டு. ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் அப்டேட்' என்ற வரியைப் பாருங்கள். 'டிசேபிள்டு' என்று இருந்தால் 'மேனுவல்' என்று மாற்றி 'ஸ்டார்ட்' கொடுங்கள். சில நாட்களில் மீண்டும் அணைந்தாலோ, அந்த வரியே இல்லாவிட்டாலோ, அது வெட்டி மாற்றப்பட்ட விண்டோஸாக இருக்கலாம். அதைச் சரிசெய்ய முயல்வதை விட, உரிமம் உள்ள விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே வழி. அப்படிப்பட்ட கணினியில் அதுவரை வங்கி வேலை வேண்டாம்.

இறங்கத் தொடங்கி, நின்றுவிடுகிறது என்றால்

பிழை எண் ஒன்று காட்டப்படும். அதன் இறுதியில் 80070070 என்று இருந்தால் இடமில்லை என்று பொருள். 80070422 என்றால் தேவையான சேவை அணைக்கப்பட்டுள்ளது. வேறு எண்கள் வந்தால் இந்த வரிசையில் முயலுங்கள்:

- செட்டிங்ஸில் 'டிரபிள்ஷூட்' என்று தேடி, விண்டோஸ் அப்டேட்டுக்கான சோதனையை ஓட்டவும்.
- அது உதவாவிட்டால், சர்வீசஸ் பட்டியலில் 'விண்டோஸ் அப்டேட்' சேவையை நிறுத்தவும். சி டிரைவின் விண்டோஸ் கோப்புறைக்குள் 'சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்', அதற்குள் 'டவுன்லோட்' கோப்புறையைத் திறந்து உள்ளே இருப்பவற்றை மட்டும் அழிக்கவும். ரீஸ்டார்ட் செய்து மீண்டும் தேடவும். அரைகுறையாக இறங்கிய கோப்புகள் போய்ப் புதிதாக இறங்கும். உங்கள் சொந்தக் கோப்புகளுக்குப் பாதிப்பில்லை.
- விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், 'ரெகவரி' பகுதியில், விண்டோஸ் அப்டேட் மூலமே இயங்குதளத்தை மறுபடி நிறுவும் 'ரீஇன்ஸ்டால் நவ்' பொத்தான் உண்டு. கோப்புகளும் செயலிகளும் அப்படியே இருக்கும். இருந்தாலும் முக்கியமானவற்றை வெளி டிரைவில் நகல் எடுத்த பிறகே இதைச் செய்யுங்கள்.

போலி அப்டேட்களிடம் எச்சரிக்கை

உலாவியில் திடீரெனத் தோன்றும் 'உங்கள் விண்டோஸ் பழையது' என்ற பக்கம், மின்னஞ்சலில் வரும் அப்டேட் கோப்பு, மைக்ரோசாப்டிலிருந்து பேசுவதாகச் சொல்லும் தொலைபேசி அழைப்பு ஆகிய மூன்றும் மோசடியே. கணினியை வேறொருவர் தொலைவிலிருந்து இயக்க அனுமதிக்கும் செயலியை நிறுவச் சொன்னால் உடனே அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். அப்டேட் என்றால் செட்டிங்ஸ் வழியாக மட்டுமே. தனியாக இறக்க வேண்டிய நிலை வந்தால் மைக்ரோசாப்டின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டுமே.

மாதம் ஒருமுறை, இரண்டாவது செவ்வாய் கழிந்த அந்த வார இறுதியில், 'குவாலிட்டி அப்டேட்ஸ்' தேதியைப் பார்க்கும் வேலையை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். கணினி தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமே ஒப்படைக்கலாம். ஐந்து நிமிட வேலைதான்.