வகுப்பறைக்கு வந்த இசை: தமிழ்ச் சூழலில் இசை முதற்பாட நூல்களின் உருவாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கருநாடக இசையின் தொடக்கப் பாடங்கள் அச்சேறி, பள்ளி, கல்லூரிப் பாடமாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இம்மாற்றத்தில் எழுத்தும் மொழியும் தேர்வுமுறையும் மாறின. பாடங்களின் வரிசை மட்டும் ஒரு குரு ஒரு மாணவருக்குச் சொல்லிக்கொடுத்த வடிவிலேயே நின்றுவிட்டது. உயர்நிலைப் பள்ளி மாணவரின் குரலுக்கும் கூட்டு வகுப்பின் தேவைக்கும் அந்த வரிசை எவ்வளவு பொருந்தியது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

திறவுச் சொற்கள்: முதற்பாட நூல், சுரக்குறிப்பு, கருணாமிர்த சாகரத் திரட்டு, தமிழிசை இயக்கம், மகரக்கட்டு

முன்னுரை

தமிழிசை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இலக்கண நூல்களின் வழியே அதனை எழுதுகின்றனர். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் தொடங்கி, ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் (1917), விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் (1947) எனச் செல்லும் அப்பாதையில், சிறுவர் சிறுமியர் கையில் வைத்துப் பாடிப் பழகிய நூல்களுக்கு இடமில்லை. அவை சிறியவை, புதிய கருத்து எதையும் நிறுவ முயலாதவை, கிழிந்தால் தூக்கியெறியப்பட்டவை. எனினும் இசையைக் கற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் இசையைப் பற்றி அறிந்தது இந்நூல்களின் வாயிலாகவே. இவற்றைத் துணைச் சான்றாக மட்டும் கொள்வது தகாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

குருகுலப் பாடமும் அச்சும்

சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம், சுரஜதி, வர்ணம் என்னும் அடைவு புரந்தரதாசரோடு தொடர்புபடுத்தப்படுவது. மாயாமாளவகௌளையில் தொடங்குவதும், மலகரி இராகத்தில் அமைந்த பிள்ளாரி கீதங்களை முதற்பாடல்களாக வைப்பதும் அம்மரபே. இந்த வரிசையின் வலிமை அதன் நெகிழ்ச்சியில் இருந்தது. குரு மாணவரின் குரலைக் கேட்டுச் சுருதியை அமைத்தார். மேல் சட்சத்தை எட்டாத குழந்தையை அங்கே நிறுத்திவைத்தார். அலங்காரத்தை ஒருவருக்கு மூன்று மாதமும் மற்றொருவருக்கு ஓராண்டும் நீட்டினார். வரிசை ஒன்றாயினும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் தச்சூர் சிங்கராச்சார்யுலு சகோதரர்கள் சுவரமஞ்சரி முதலாகப் படிப்படியாக அமைந்த நூல்களைத் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டனர். 1904இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வந்தது. அதன் பெருமையைப் பேசுவோர் அடுத்த ஆண்டே அவர் தொடக்க மாணவர்க்கென ‘பிரதமாப்யாச புஸ்தகமு’ என்னும் நூலை வெளியிட்டதைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. பெருநூலை இயற்றிய கையே முதற்பாட நூலும் தேவையென உணர்ந்தது கவனிக்கத்தக்கது.

எழுத்தும் எண்ணும்

அச்சில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது இந்நூலாசிரியர்கள் எதிர்கொண்ட முதற்சிக்கல். ஸ ரி க ம ப த நி என்னும் எழுத்துகள், மேல் கீழ்த் தாயிக்குப் புள்ளி, ஓர் அட்சரக் காலத்துக்குக் காற்புள்ளி, இரண்டுக்கு அரைப்புள்ளி, இரண்டாம் காலத்துக்கு மேற்கோடு என்ற அளவில் ஒரு குறியீட்டு முறை நிலைபெற்றது. காலக்கணக்கை அது நன்றாகக் காட்டும். சுரத்தின் அசைவை, அதாவது கமகத்தை, காட்டாது.

சுப்பராம தீட்சிதர் அதற்கும் வழி செய்திருந்தார். கம்பிதம், ஸ்புரிதம் போன்ற வடசொற் பெயர்களோடு ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல் என்ற பெயர்களையும் கொண்டு ஒவ்வொரு கமகத்திற்கும் தனிக்குறி வகுத்தார். தெலுங்கு எழுத்தில் அச்சான நூலில், வீணை வாசிப்போரின் வாய்வழக்கிலிருந்த தமிழ்ச்சொற்கள் கலைச்சொற்களாக நிலைபெற்றிருப்பது தமிழாய்வாளர் கருத வேண்டிய செய்தி. பின்வந்த பாடநூல்கள் பெரும்பாலும் இக்குறிகளைக் கைவிட்டன. அச்சுக்கூடத்தின் வசதியின்மை ஒரு காரணமாகலாம். எப்படியும் குரு அருகிலிருப்பார் என்ற எண்ணம் அதைவிடப் பெரிய காரணம் என்று தோன்றுகிறது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் குரு யார் அருகில் இருப்பார் என்ற கேள்வி அப்போது எழவில்லை.

தமிழ் எழுத்துக்கு மற்றொரு தொல்லையும் இருந்தது. தெலுங்கு, வடமொழிச் சாகித்தியங்களின் ஒலிப்பைக் காட்டத் தமிழ் இசைநூல்கள் க, ச, ட, த, ப எழுத்துகளின் அருகே 2, 3, 4 என எண்ணிட்டன. அதே பக்கத்தில் ரி1, ரி2 என எண்கள் சுரத்தானத்தையும் குறித்தன. அந்தச் சுரத்தான எண்ணும் ஒருமுறைப்பட்டதன்று. பன்னிரண்டு தானங்களைக் கொள்ளும் நூலில் அந்தர காந்தாரம் க2. பதினாறு பெயர்களைக் கொள்ளும் நூலில் அதுவே க3. முதற்பாடமாகிய மாயாமாளவகௌளையிலேயே இந்த வேறுபாடு வந்துவிடுகிறது. பள்ளி மாறிய மாணவி, பாடிய சுரம் மாறாதிருக்க, அதன் எண் மாறியிருப்பதைக் காண நேரும். ஒரு குருவிடம் மட்டும் கற்பவருக்கு இது பொருட்டன்று. பொதுப் பாடநூலுக்கு இது பெருங்குறை.

பள்ளியாசிரியர் ஆபிரகாம் பண்டிதர்

ஆபிரகாம் பண்டிதரைச் சுருதி ஆராய்ச்சியாளராகவும், 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவியவராகவும், மருத்துவராகவும் அறிவோம். அவர் திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்; தஞ்சையில் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். இந்தப் பின்புலத்தோடு பார்த்தால் 1907இல் அவர் வெளியிட்ட கருணாமிர்த சாகரத் திரட்டு வேறொரு பொருள் பெறுகிறது. கீதம், சுரஜதி, கீர்த்தனை முதலிய வகைகளில் தமிழில் தாமே இயற்றிய பாடல்களைச் சுரக்குறிப்போடு அதில் அவர் தந்தார். கன்னடத்திலும் வடமொழியிலும் அமைந்த கீதங்களைப் பொருள் தெரியாமல் ஒப்புவித்துவந்த தமிழ்க் குழந்தைக்குத் தன் மொழியில் ஒரு தொடக்கம் கிடைத்தது.

இதனைப் பிற்காலத் தமிழிசை இயக்கத்தின் முன்னோட்டமாகக் காண்பது வழக்கம். அக்கருத்து தவறன்று, ஆயினும் ஒரு வேறுபாடு மறைந்துபோகிறது. பண்டிதர் தொடங்கிய இடம் மாணவரின் முதற்பாடம். 1941 ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாட்டின் முதன்மைக் கவலையோ கச்சேரி மேடை: எந்த மொழிப் பாடல் முதலில் வருவது, எத்தனை பாடல் தமிழில் அமைவது என்பன. இம்மாநாட்டைத் தொடர்ந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சுரக்குறிப்போடு வெளியிட்ட தமிழிசைப் பாடல் தொகுதிகள் பெரும்பணி. அவற்றில் பயன் கொண்டோர் பெரும்பாலும் ஏற்கெனவே பாடத் தெரிந்தவர்கள். மேடையில் மொழி மாறினால் வகுப்பில் தானே மாறும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் இருந்ததாகக் கொள்ளலாம். இன்றும் எண்ணற்ற இசை வகுப்புகள் பிள்ளாரி கீதங்களிலேயே தொடங்குகின்றன. அக்கீதங்கள் அழகானவை என்பதில் கருத்து வேறுபாடில்லை. அவற்றுக்கு அருகில் வைக்கத் தமிழ்க் கீதம் 1907 முதல் இருந்தும் அது பரவாதது ஏன் என்பதே வினா.

தேர்வு வடித்த நூல்

1928இல் பி. சாம்பமூர்த்தி சென்னை இராணி மேரி கல்லூரியில் இசை விரிவுரையாளரானார். அதே ஆண்டில் சென்னை மியூசிக் அகாடமி தொடங்கப்பெற்று, 1931இல் ஆசிரியர்களுக்கான இசைக்கல்லூரியை அமைத்தது. 1929இல் சிதம்பரத்தில் இசைக்கல்லூரி தோன்றியது. 1949இல் அரசே சென்னையில் கருநாடக இசைக்கான மத்தியக் கல்லூரியைத் தொடங்கியது. இந்நிறுவனங்கள் அனைத்துக்கும் பாடத்திட்டம் தேவைப்பட்டது. பாடத்திட்டத்திற்கு நூல் தேவைப்பட்டது.

தென்னிந்திய இசை பற்றிச் சாம்பமூர்த்தி ஆங்கிலத்தில் எழுதிய ஆறு தொகுதிகள் அத்தேவையை நிறைவு செய்தன. இராக இலட்சணம், தாள அமைப்பு, வாக்கேயக்காரர் வரலாறு, இசைக்கருவிகளின் அமைப்பு ஆகியன தாளில் எழுதித் தேர்வுபெறத் தக்க பொருள்களாயின. இதனை ஏளனமாகக் காண்போர் உண்டு. எனினும் இசைக்குடும்பத்தில் பிறவாத பெண்கள் பட்டம் பெற்று இசையாசிரியராகப் பள்ளிக்குள் நுழைந்ததற்கு எழுத்துத் தேர்வும் பாடநூலும் பெருந்துணை புரிந்தன. இசை கற்பித்தல் குறித்தே அவர் தனிநூலும் எழுதினார். ஆயினும் செய்முறைப் பாடத்தின் வரிசை பழைய அடைவாகவே தொடர்ந்தது.

மகரக்கட்டு

உயர்நிலைப் பள்ளியின் தனிச்சிக்கல் மாணவரின் வயது. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளைகளின் குரல் உடைவதைத் தமிழில் மகரக்கட்டு என்பர். இச்சொல்லின் அச்சத்தை நன்கறிந்தவை சிறுவர் நாடகக் குழுக்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற குழுக்களில் பாட்டே நடிப்பின் உயிர். குரல் உடைந்த சிறுவன் தான் ஏற்றுவந்த வேடத்தை இழந்தான். அங்கே அது பிழைப்பைப் பற்றிய கேள்வி.

இசை முதற்பாட நூல்களின் அமைப்பு இதற்கு இடம் தரவில்லை. முதல் சரளி வரிசையே கீழ்ச் சட்சம் முதல் மேல் சட்சம் வரை ஒரு முழுத் தாயியைக் கோருகிறது. பெண்குரல் ஐந்து கட்டையிலும் ஆண்குரல் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் இயல்பாக நிற்கும் நிலையில், இருபாலாரும் சேர்ந்த வகுப்பு ஒரே சுருதியில் இந்த வரிசையைப் பாடுவது ஒரு சாராருக்கு வதையாகும். பள்ளியிசை பெரும்பாலும் பெண்கள் பள்ளிகளில் வளர்ந்ததால் இச்சிக்கல் நெடுங்காலம் கண்ணில் படவில்லை.

ஒப்பிட ஓர் எடுத்துக்காட்டு போதும். இங்கிலாந்தில் ஜான் கர்வென், சாரா குளோவர் என்னும் ஆசிரியையின் முறையை அடியாகக் கொண்டு 1840களில் பள்ளிகளுக்கென வகுத்த டானிக் சோல்ஃபா முறையும் நம்முடையதைப் போலச் சுர எழுத்துகளால் ஆனது. ஆதார சுரம் எந்த உயரத்திலும் நிற்கலாம். ஆனால் அதன் முதற்படியில் மூன்றே சுரங்கள். சுவரில் தொங்கிய சுர ஏணிப்படத்தை ஆசிரியர் கோலால் சுட்ட, வகுப்பு முழுவதும் பாடியது. வகுப்பை அலகாகக் கொண்டு ஆக்கப்பட்ட கருவி அது. குறைந்த சுர எல்லையில் நிற்கும் பாடல்கள் நமக்கும் குறைவல்ல: கும்மி, தாலாட்டு, சிந்து வகைகள் பல அவ்வாறானவை. அவை முதற்பாடமாக அடுக்கப்படவில்லை என்பதே வேறுபாடு.

ஈழத்து நிலை தனியே ஆராயத்தக்கது. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகத் தேர்வுகளை நடத்தி வந்துள்ளது. பள்ளிக் கல்வியிலும் கருநாடக சங்கீதம் க.பொ.த. சாதாரண தரத்தில் மாணவர் தேர்ந்தெடுக்கும் பாடங்களுள் ஒன்று. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இசைக்கு இடமில்லை. மதிப்பெண் உள்ள இடத்தில் இசை நூல் எவ்வாறு அமைந்தது, மதிப்பெண் இல்லாத இடத்தில் ஆசிரியர் எதைக் கைக்கொண்டார் என்பதை இவ்விரு நிலங்களின் பாடநூல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே சொல்ல இயலும். அதற்கு அச்சுப் பக்கம் மட்டும் போதாது. பயன்படுத்தப்பட்ட பழைய படிகளில் இசையாசிரியர்கள் பென்சிலால் இட்ட கமகக் குறிகளும், அடித்துவிட்ட பாடங்களும், ஓரத்தில் எழுதிச் சேர்த்த தமிழ் வரிகளும் நூலகங்களின் விவரப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.